மட்டாஞ்சேரியில் ஒரு பழைய கோட்டு

அழகைப் பற்றி எழுதச் சொல்லி என்னை இதுவரை யாரும் கேட்டதில்லை. பத்திரிகையில் என் கட்டுரைகளோடு என் படமும் வருவது ஒரு காரணமாக இருக்கலாம். அதனால் அக்கா மகள் நிவேதா கொச்சியிலிருந்து ஃபோன் செய்து, "மாமா, என் ஃபேஷன் ஷோவுக்கு நீங்க கட்டாயம் வரணும்" என்றபோது, நாற்காலி எடுத்துப் போட ஆள் தேவைப்படுகிறது என்றுதான் நினைத்தேன்.

"அதில்ல மாமா. ஒவ்வொரு டிரெஸ் பக்கத்துலயும் ரெண்டு வரி எழுதி ஒரு அட்டை வைக்கிறோம். மலையாளத்துக்கும் இங்கிலீஷுக்கும் ஆள் இருக்கு. தமிழுக்கு நீங்கதான்."

தமிழுக்கு நான்தான் என்று ஒருத்தி சொல்லிவிட்ட பிறகு மதுரையில் உட்கார்ந்திருப்பது துரோகம்.

"என்ன துணியாம்?" என்று மனைவி கேட்டாள்.

"பழைய துணி. விண்டேஜ்னு பேரு."

"யாருது?"

"யாருதுன்னு தெரியாது. எப்பவோ யாரோ போட்டது."

"அப்ப செத்தவங்க துணின்னு சொல்லுங்க" என்றவள், கூடுதலாக ஒரு சட்டையைப் பையில் வைத்தாள். "அங்க போய் ஆசைப்பட்டு எதையும் போட்டுப் பாத்துடாதீங்க."

அந்த ஆசை எனக்கு இல்லை. என் கல்யாணச் சட்டையே எனக்கு நுழைவதில்லை. அதைப் போட்டவனும் ஒருவகையில் செத்துப்போனவன்தான்.

மதுரையில் வெயில் அடிக்கும். கொச்சியில் அது கட்டிப்பிடித்துக்கொள்ளும், விடாது. மட்டாஞ்சேரியில் போய் இறங்கியபோது, குளித்துவிட்டுத் துவட்டாமல் வந்தவன் போல இருந்தேன். பசிக்கு ஒரு ஓட்டலில் நுழைந்து இட்லி கேட்டேன். பரிமாறியவர் குனிந்து தமிழில் மெதுவாகச் சொன்னார்: "சார், நான் தேனிக்காரன். உங்க நல்லதுக்குச் சொல்றேன், இட்லி வேண்டாம். புட்டு சாப்பிடுங்க." புட்டும் கடலைக் கறியும் வந்தன. வெளிமாநிலத்தில் நம்மவர் ஒருவர் இருப்பதன் முழுப் பயனையும் அந்த ஒரு வேளையில் அடைந்தேன்.

நிவேதாவின் பட்டறை ஒரு பழைய கிடங்கின் மாடியில் இருக்கிறது. கீழே சுக்கு மூட்டை, மேலே ஃபேஷன். தும்மாமல் யாரும் அவளிடம் போய்ச் சேர முடியாது. மாடியில் கொடி கட்டி வரிசையாகத் துணிகள்: புள்ளி போட்ட ரவிக்கைகள், காது போல் விரிந்த காலர்கள், தரை கூட்டும் அகலத்தில் பெல்பாட்டம். அவற்றைப் போட்டு நடக்கப்போகிறவர்கள் தொழில்முறை மாடல்கள் இல்லை. அப்பளக் கடை கொங்கணி அம்மாள், குஜராத்தி கணக்கு வாத்தியார், மீன் ஏலம் விடுகிற ஒருவர் என்று எல்லோரும் அந்தப் பேட்டைக்காரர்கள்.

"அழகுக்கு ஒரே அளவு இல்லை மாமா. அதைக் காட்டத்தான் இந்த ஷோ" என்றாள். என் வயிற்றை ஒருமுறை பார்த்துவிட்டு, "உங்களையும் கேட்டிருப்பேன், ஆனா நீங்க கூச்சப்படுவீங்க" என்று சேர்த்துக்கொண்டாள். நல்ல பெண்.

கடைசியாகக் காட்டியதுதான் கோட்டு. முட்டி வரை நீண்ட லினன் கோட்டு. ஒரு காலத்தில் வெள்ளை. இப்போது முன்பக்கமும் கைகளிலும் பழுப்புக் கறைகள், யாரோ நிதானமாக வரைந்த தேசப்படம் போல. யூதர் தெருவான ஜூ டவுனில் ஒரு பழம்பொருள் கடையில் மரப்பெட்டியின் அடியில் கிடைத்ததாம். டச்சு கவர்னரின் மனைவி போட்டது என்று கடைக்காரர் முதலில் சொன்னாராம். மறுநாள் கேட்டபோது அந்த அம்மாள் போர்த்துகீசியர் ஆகிவிட்டார். உள்பக்கத் தையல் மிஷின் தையல் என்பதை அந்த இரண்டு சீமாட்டிகளும் பெருந்தன்மையாக மன்னித்திருக்க வேண்டும்.

"கறை?" என்றேன்.

"கறை இல்லை மாமா, காலம்."

இதைப் போட்டுக் கடைசியாக நடக்க வேண்டியவர் சஃபியாத்தா. இத்தா என்றால் அக்கா. அடுத்த சந்தில் வீட்டு முன்னறையில் நைட்டி விற்கிறவர். அம்பதைத் தாண்டியவர், கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல். தாத்தா காலத்தில் தென்காசிப் பக்கமிருந்து வந்த குடும்பம். வீட்டில் தமிழ்தான் பேசுவார்கள், படிப்பதும் எழுதுவதும் மலையாளம். இடது கண்ணைச் சுற்றியும் கழுத்திலும் கைகளிலும் அவருக்கு வெண்புள்ளி இருந்தது. விரல் நுனியில் தொடங்கி முழங்கை வரை ஏறியிருந்தது. நான் பார்த்துவிட்டு, பார்க்காதவன் போல ஜன்னலுக்குத் திரும்பினேன்.

"நல்லாப் பாத்துக்கோங்க சாரே, டிக்கெட் இல்ல" என்றார்.

கோட்டைப் போட்டுப் பார்த்தார். தோள் பொருந்தியது. முன்பக்கம் இரண்டு ஓரங்களும் ஒன்றையொன்று தூரத்திலிருந்து நலம் விசாரித்தன. பொத்தான் எட்டவில்லை.

"திறந்தே இருக்கட்டும் இத்தா. அதுதான் லுக்" என்றாள் நிவேதா.

"திறந்திருக்கத்தான்னா அந்தத் துரை என்னத்துக்கு இத்தனை பட்டன் வச்சான்? கொஞ்சம் இளக்கித் தைச்சுத் தாயேன் மோளே."

"பழசுல கத்திரி வைக்கக்கூடாது இத்தா. வச்சா அதோட கதை போயிடும்."

சஃபியாத்தா கண்ணாடியில் தன்னைப் பார்த்து, இரண்டு ஓரங்களையும் கையால் இழுத்துச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நின்றார். பிறகு விட்டுவிட்டார்.

மறுநாள் காலை என்னை எர்ணாகுளத்துக் கடைத்தெருவான பிராட்வேக்கு அனுப்பினார்கள். துணி மாட்டும் பொம்மை ஒன்று வேண்டும், முடிந்தால் சஃபியாத்தா அளவில். பிராட்வேயில் யானையைத் தவிர எல்லாம் கிடைக்கும். யானைக்கும் ஆர்டர் கொடுக்கலாம் என்று தோன்றியது. ஆனால் வயிறுள்ள பொம்மை கிடைக்கவில்லை. ஒரு கடைக்காரர் எனக்காக வருத்தப்பட்டு மலையாளத்தில் விளக்கினார்: "சேட்டா, வயிறு வாங்க வருகிறவர்களிடமே இருக்கிறது. இதில் இல்லாததைத்தான் அவர்கள் பார்க்க விரும்புகிறார்கள்." என் கண்ணில் பட்ட எல்லாப் பொம்மைகளுக்கும் ஒரே இடுப்பு. சோறு என்பதைக் கேள்விப்பட்டே இராத இடுப்பு. அதிலொன்றை வாங்கிக்கொண்டேன். தலை கிடையாது, கையும் கிடையாது, மார்பும் இடுப்பும் மட்டும்.

அதை ஆட்டோவில் ஏற்ற ஓட்டுநர் சம்மதிக்கவில்லை. போலீஸ் பார்த்தால் முதலில் கேட்பது தலை எங்கே என்பதாக இருக்கும் என்றார். இடுப்போடு அணைத்தபடி படகுத் துறைக்கு நடந்தேன். எர்ணாகுளம் மக்கள் நாகரிகமானவர்கள், ஒருவரும் சிரிக்கவில்லை. எனக்கு வழிமட்டும் விட்டார்கள், தேவைக்குச் சற்று அதிகமாக. டிக்கெட் கொடுத்தவர் கேட்டதைப் பின்னால் நின்றவர் தமிழாக்கினார்: "அம்மாவுக்கும் சேத்தான்னு கேக்குறாரு."

படகு நடுக்காயலில் திரும்பியபோது பொம்மை சாய்ந்து, பக்கத்தில் உறங்கிக்கொண்டிருந்த பெரியவரின் மடியில் விழுந்தது. அவர் கண் திறந்து அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இரண்டு அங்குலம் தள்ளி அதற்கு இடம் விட்டுவிட்டு மறுபடி உறங்கினார். மதுரையாக இருந்தால் இந்நேரம் எங்கள் மூவருக்கும் சேர்த்து ஒரு பஞ்சாயத்து கூடியிருக்கும்.

கோட்டை அந்தப் பொம்மைக்கு மாட்டினாள் நிவேதா. எல்லாப் பொத்தானும் வெண்ணெயில் இறங்குவது போல மாட்டிக்கொண்டன. "பாருங்க மாமா, என்ன கட்!" என்று தள்ளி நின்று ரசித்தாள். நானும் ரசித்தேன். சஃபியாத்தா சாயாக் கிளாஸோடு மூலையில் உட்கார்ந்து, பொம்மையின் இடுப்பை ஒரு தொழில் எதிரியைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மதியத்துக்குப் பிறகு எர்ணாகுளத்திலிருந்து ஒரு பத்திரிகைப் பெண் வந்தாள். நிவேதா ஆங்கிலத்தில் தன் எண்ணத்தை விளக்கினாள். விரல் கோட்டின் கறையைத் தொட்டது, சஃபியாத்தாவின் மணிக்கட்டைக் காட்டியது, மறுபடி கறைக்குப் போனது. "இதுக்கு என் மாமா தமிழ்ல அருமையா எழுதியிருக்கார். வாசிங்க மாமா."

எழுதியவனை வாசிக்கச் சொன்னால் அவன் வாசிக்காமல் விட்டதாகச் சரித்திரம் இல்லை. எழுந்து நின்று வாசித்தேன்: "இவள் பழுப்பில் வெள்ளை. கோட்டு வெள்ளையில் பழுப்பு. இருவரையும் காலம் தொட்டிருக்கிறது."

பத்திரிகைப் பெண்ணுக்குத் தமிழ் அரைகுறை. "வாவ்" என்றாள். அரைகுறைத் தமிழுக்கே வாவ் என்றால் முழுத்தமிழுக்கு என்ன கிடைத்திருக்கும் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். சஃபியாத்தா கிளாஸைத் தரையில் வைத்தார்.

மாலையில் கோட்டை இஸ்திரிக்குக் கொடுக்க வேண்டும். வழி காட்ட சஃபியாத்தா கூட வந்தார். துணி வெளுப்பவர் முருகேசன், நம் ஊர்க்காரர்தான், மூன்று தலைமுறையாகக் கொச்சியில் இருக்கும் நம் ஊர்க்காரர். கோட்டை விரித்துப் பார்த்தவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"கறையோட எப்படிங்க இஸ்திரி போடுறது? சூடு பட்டா அது குடும்பத்தோட அங்கேயே தங்கிரும்."

"தங்கட்டும். அதுதான் வேணும்."

"விசேஷத்துக்குப் போடுற துணின்னீங்க?"

"ஆமா. கறைக்காகத்தான் அந்த விசேஷமே."

"சார் பத்திரிகைக்காரர்" என்று சஃபியாத்தா குறுக்கிட்டு விளக்கினார். முருகேசனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது போலத் தலையாட்டினார். "வெறும் இஸ்திரி மட்டும்" என்று மறுபடி சொல்லிவிட்டுக் கிளம்பினேன். தெருமுனையில் சஃபியாத்தா நின்றார். "நீங்க நடங்க சாரே. எனக்கொரு காரியம் இருக்கு" என்று வந்த வழியே திரும்பிப் போனார். எனக்கும் ஒரு காரியம் இருந்தது. மூலையில் ஒரு தள்ளுவண்டியில் உப்பில் ஊறிய நெல்லிக்காயும் அன்னாசியும் கண்ணாடி ஜாடிகளில் மிதந்துகொண்டிருந்தன. மதுரையில் மாங்காய்க்கு மேல் உப்பைத் தூவுவோம். இங்கே பழத்தை உப்புக்குள் குடியேற்றிவிடுகிறார்கள். அதில் கவனமாக இருந்துவிட்டேன்.

ஷோ அன்று காலையில் கோட்டு வந்தது. சுற்றியிருந்த செய்தித்தாளைப் பிரித்த நிவேதா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

வெள்ளை. பல் விளம்பர வெள்ளை. டச்சும் போர்த்துகீசியமும் எலுமிச்சம்பழத்தில் கரைந்து, நீலத்தில் முங்கி, கஞ்சியில் விறைத்து நின்றன. கோட்டைத் தரையில் வைத்தபோது கொஞ்ச நேரம் தானாகவே நின்றது.

முருகேசனுக்கு ஃபோன் போட்டோம். "அந்த இத்தாதானே திரும்பி வந்து, நல்லா வெளுத்துரு, சாருக்குத் தெரியும்னு சொன்னாங்க?" என்றார். "சாருக்குத் தெரியாதா?"

சாருக்கு நெல்லிக்காயைப் பற்றி மட்டும்தான் தெரியும்.

சஃபியாத்தா பழம்பொரி என்கிற வாழைப்பழ பஜ்ஜிப் பொட்டலத்தோடு படியேறி வந்து, தும்மி முடித்து, எங்கள் முகங்களைப் பார்த்தார். கோட்டைப் பார்த்தார். "ஹா, நல்லா வந்திருக்கே" என்றார்.

"இத்தா, நீங்களா வெளுக்கச் சொன்னீங்க?"

"பின்ன? நான் துணி விக்கிறவ மோளே. கறையோட ஒரு சரக்கு வந்தா கம்பெனிக்குத் திருப்பி அனுப்புவேன்."

"இது அப்படி இல்ல இத்தா. அந்தக் கறைதான் இதுல…"

"அந்தக் கறைதான் நானுன்னு சார் நின்னு வாசிச்சாரே."

அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்பது எனக்கு நினைவிருந்தது. கேட்கத் தெரியும் என்பதுதான் மறந்துபோயிருந்தது. மேலே மின்விசிறி சுற்றுவதை முதல்முறையாக உன்னிப்பாகக் கவனித்தேன்.

"அதில்ல இத்தா," நிவேதா தரையிலிருந்து எழுந்தாள், "உங்க ஸ்கின் எவ்வளவு அழகுன்னு சொல்லத்தான்…"

"அது எனக்குத் தெரியாதா? இருவது வருஷமா இதோடதான் கடை, கல்யாணம், சினிமா எல்லாம் போறேன். என் தோலு எனக்கொரு கொறச்சலில்ல. மறைக்கவும் மாட்டேன், கொடி பிடிக்கவும் மாட்டேன். அதுக்கு ஜோடியா ஒரு அழுக்குத் துணியைத் தேடிக் கொண்டுவந்தியே, அதுதான் எனக்குப் பிடிக்கல."

"அப்ப முதல்லயே ஏன் ஒத்துக்கிட்டீங்க?"

சஃபியாத்தா கொஞ்சம் தயங்கினார். நான் பார்த்தவரையில் அவர் தயங்கியது அப்போது மட்டும்தான். "கோட்டு போடணும்னு ஒரு ஆசை. பழைய சினிமாவில போட்டு வருவாங்கல்ல, கழுத்து வரைக்கும் பட்டன் போட்டு. இந்த ஊர்ல யாரு என்கிட்ட கோட்டு போடுன்னு சொல்லப்போறா? நீ சொன்னே. வந்தேன். வந்தா, திறந்து போடு, அதுதான் லுக்குங்குற."

நிவேதா கோட்டின் விறைத்த கையை மடக்கிப் பார்த்தாள்.

"கோட்டு பொருந்தினா நடக்கேன். இல்லன்னா இல்ல. கோபமொண்ணுமில்ல. பழம்பொரி ஆறிடும், தின்னு."

சாயங்காலம் ஷோ. கடைசியில் நடக்க வேண்டியவர் நடக்காவிட்டால் அது வாலில்லாத பட்டம். நிவேதா பொம்மையின் மேல் வைத்துக் கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். நானும் பார்த்தேன். கறை போன பிறகுதான் தெரிந்தது, அது ஒரு சாதாரணக் கோட்டு, அளவு சரியில்லாதது. இதை அத்தனை நாளும் எங்களுக்குத் தெரியாமல் வைத்திருந்தது கதைதான். கதை எழுதியவர்களில் நானும் ஒருவன்.

"மாமா, பொம்மையைத் தூக்கி அந்தப் பக்கம் வைங்க" என்றாள். "இத்தா, கையைத் தூக்குங்க."

டேப்பை எடுத்து அளந்தாள். சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டேன். பத்து நிமிஷத்துக்கு முன்னால் யாரும் தொடக்கூடாததாக இருந்த பக்கத் தையல்கள் பிரிந்து விழுந்தன. அக்குளிலிருந்து கீழ்வரை இரண்டு பக்கமும் பட்டை வைத்துத் தைக்க வேண்டும், அதற்குத் துணி வேண்டும். சஃபியாத்தா வீட்டுக்குப் போய் நைட்டித் துணிகளை அள்ளிக்கொண்டு வந்தார். ரோஜாப்பூ போட்டதை முன்னால் தள்ளினார். நிவேதா அடியிலிருந்து ஒரு பாசிப்பச்சையை உருவினாள்.

"படச்சோனே, அதுவா? ரெண்டு பெருநாளா விக்காத சரக்கு அது!"

"எனக்கு இதுதான் வேணும்."

"ரோஜாப்பூவுக்கு என்ன கேடு?"

"இத்தா, பட்டன் உங்க இஷ்டம். பச்சை என் இஷ்டம்."

சஃபியாத்தா யோசித்து, "கொழப்பமில்ல" என்றார். கொச்சியில் எந்த ஒப்பந்தமும் இந்தச் சொல்லோடுதான் கையெழுத்தாகிறது. அதன்பின் தையல் மிஷின் ஓடியது. நான் குண்டூசி எடுத்துக் கொடுத்தேன், கீழே விழுந்தவற்றைக் காலால் கண்டுபிடித்தேன். நடுவில் ஒருமுறை, "கோட்டுக்கு வேற ஏதாவது எழுதட்டுமா?" என்று கேட்டேன்.

"அதுக்கு அட்டை வேண்டாம் மாமா."

தமிழ் கௌரவமாக விலகிக்கொண்டது.

ஷோவைப் பற்றி அதிகம் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. அப்பளக் கடை அம்மாள் புள்ளி ரவிக்கையில் வந்து, பாதி வழியில் தெரிந்தவர்களைப் பார்த்து நின்று பேச ஆரம்பித்துவிட்டார். கணக்கு வாத்தியாரின் பெல்பாட்டம் வந்து சேர்ந்த பிறகுதான் வாத்தியார் வந்தார். மீன் ஏலக்காரர் பட்டு வெயிஸ்ட்கோட்டில் அப்படி அழகாக இருந்தார், அவருடைய மனைவியே இருமுறை பார்த்தார். கூட்டத்தில் பாதி அந்தத் தெரு, பாதி எர்ணாகுளம். இரண்டு பாதியும் ஒரே சுக்குக்குத் தும்மின.

கடைசியில் சஃபியாத்தா. எல்லாப் பொத்தானும் போட்டிருந்தார், கழுத்துப் பொத்தான் உட்பட, அந்தப் புழுக்கத்தில். தவறு செய்த வங்கி மேலாளரைப் பார்க்கப் போகிறவர் போல நடந்தார். கை வீசும்போது மட்டும் பக்கவாட்டில் பச்சை தெரிந்து மறைந்தது. முகத்தில் பூச்சு எதுவும் இல்லை. வெண்புள்ளி இருந்த இடத்தில் இருந்தது, கண் இருந்த இடத்தில் இருந்தது. "பொளிச்சு இத்தா!" என்று பின்வரிசைப் பெண்கள் கத்தினார்கள், அசத்திவிட்டாய் என்ற அர்த்தத்தில். முனை வரை போய்த் திரும்பி வந்தவர், யாரும் சொல்லாமலே இன்னொரு தடவை போனார்.

முடிந்ததும் பத்திரிகைப் பெண் நிவேதாவைப் பிடித்தாள். கறை எங்கே, அந்த எண்ணம் என்ன ஆயிற்று என்று கேட்டாள்.

"கோட்டு அவங்களுக்குப் பொருந்தலை" என்றாள் நிவேதா. "பொருத்தினோம்."

பிரியாணி வந்தது. சஃபியாத்தா கோட்டோடே சாப்பிட்டார். கோட்டோடே எல்லோரிடமும் விடைபெற்றார். படியிறங்கும்போது தெருப்பெண்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போனதால், திருப்பிக் கேட்க யாருக்கும் இடம் கிடைக்கவில்லை. கோட்டை விலைக்குக் கேட்டு ஒருவர் விலாசம் கொடுத்திருப்பதாக நிவேதா பிறகு சொன்னாள்.

மறுநாள் காலை, ஊர் கிளம்புவதற்கு முன், கோட்டை வாங்கிவர நானே போனேன். சஃபியாத்தாவின் வீட்டு முன்னறைக் கதவு திறந்திருந்தது. நைட்டிகள் தொங்குகிற வரிசைக்கு நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், கோட்டோடு. எதிரே நின்ற ஒரு பெண் ஒவ்வொரு நைட்டியாகப் பிரித்துப் போட, அவர் ஒவ்வொன்றாக மடித்துக்கொண்டிருந்தார். விசிறி முழு வேகத்தில் ஓடியும் நெற்றி வியர்த்திருந்தது. அந்தப் பெண் கோட்டைக் காட்டி மலையாளத்தில் ஏதோ கேட்டாள். "அது விற்பனைக்கில்லை" என்பது அவருடைய பதிலில் எனக்குப் புரிந்த பகுதி. நான் சந்து முனையில் பால் சேராத ஒரு கட்டன் சாயா குடித்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினேன்.

நிவேதா மிஷினில் எதையோ தைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"கடை பூட்டியிருந்தது" என்றேன்.

"ம்" என்றாள். மிஷின் கொஞ்ச தூரம் ஓடி நின்றது. "நான் காலையிலேயே ஒருதரம் போய்ட்டு வந்துட்டேன் மாமா. அப்பவும் பூட்டித்தான் இருந்தது. ஆனா உள்ள இத்தா கோட்டோட நின்னுக்கிட்டிருந்தாங்க, அதனால எனக்குத் தெரியலை. உட்கார்ந்தா முதுகுல இழுக்குதா?"

"இழுக்கலை" என்றேன்.

நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்துவிட்டு அடுத்த துணியை எடுத்தாள்.